பணம் கேட்க வேண்டிய நேரம் அதுவல்ல

சென்ற இதழில், மருத்துவம் எல்லோருக்கும் அடிப்படை உரிமையாக வேண்டும், சிகிச்சை நடக்கும் இடத்தில் நோயாளியிடம் பணம் கேட்கவே கூடாது என்று எழுதியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்தன. எதிர்த்து எழுதியவர்களுக்கே இந்த இதழில் அதிக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் அவர்கள் கேட்டிருப்பவை பெரும்பாலும் நியாயமான சந்தேகங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் கவுண்டரில் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தவள்.

கேள்வி: பேச்சுரிமை என்றால் யாரும் என் வாயை அடைக்கக் கூடாது, அவ்வளவுதான். மருத்துவம் உரிமை என்றால் ஒரு டாக்டர் எனக்காக உழைத்தே ஆக வேண்டும். இன்னொருவர் உழைப்பின் மேல் எனக்கு எப்படி உரிமை வரும்?
(சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: நீங்கள் படிக்கிற சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது தம்பி. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், பல நாடுகளில் அரசே வக்கீலை ஏற்பாடு செய்து தருகிறது. அதனால் அந்த வக்கீல் யாருக்கும் அடிமையாகிவிடவில்லை. அவருக்கு ஃபீஸ் கிடைக்கிறது, கொடுப்பது அரசு. மருத்துவத்திலும் உரிமை கேட்பது டாக்டரிடம் அல்ல, அரசிடம். வைத்தியம் கிடைக்கும்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வை, அதில் வேலை செய்பவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடு என்பதுதான் கோரிக்கை.

இது நானாகக் கண்டுபிடித்த வாதம் இல்லை. 1948-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25-வது பிரிவு, உணவு, உடை, வீடு இவற்றோடு மருத்துவக் கவனிப்பையும் சேர்த்தே சொல்கிறது. 1966-ல் வந்த பொருளாதார, சமூக உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12-வது பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. 2000-ல் அதற்கு விளக்கம் எழுதிய ஐ.நா. குழு, உடல்நலத்துக்கான உரிமை என்றால் ஆரோக்கியமாக இருந்தே தீரும் உரிமை என்று அர்த்தமில்லை என்று சொன்னது. நோய் வரத்தான் செய்யும். வந்தபின் கதவு திறந்திருக்க வேண்டும், அதைத்தான் கேட்கிறோம்.

கேள்வி: அக்கா, வசதி இல்லாதவர்களுக்கு உதவ நல்ல மனசுக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இப்போது இணையத்தில் நிதி திரட்டியே பெரிய பெரிய ஆபரேஷன் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தையே ஏன் இழுக்க வேண்டும்?
(ஒரு வாசகி)

பதில்: அந்த நல்ல மனசுக்காரர்களை எனக்குத் தெரியும் அம்மா. பக்கத்துப் படுக்கைக்காரரின் பாக்கியைக் கட்டிவிட்டு, யார் கட்டியது என்று சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும்.

ஆனால் உதவி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் கவுண்டரில் இருந்து பார்த்திருக்கிறேன். போட்டோவில் சிரிக்கிற குழந்தைக்குப் பணம் சேர்ந்துவிடும். உருக்கமாக எழுதத் தெரிந்த ஒரு மாமாவோ, நூறு பேருக்குப் போன் போடக்கூடிய ஒரு நண்பரோ இருந்தாலும் சேர்ந்துவிடும். டயாலிசிஸுக்கு ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். மனைவி இல்லை, கூட வர ஆள் இல்லை. வாரத்துக்கு மூன்று முறை வரவேண்டியவர் அதை இரண்டாகக் குறைத்தார், அப்புறம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் சேர்த்துப் பாத்துக்கலாம்மா" என்பார். ஒரு நாள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, கையில் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் வரவில்லை. கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே "சிகிச்சையைத் தொடரவில்லை" என்று பதிவானது. ஏன் தொடரவில்லை என்று எழுத அந்தப் பக்கத்தில் இடம் கிடையாது. அவருக்காக யார் நிதி திரட்டுவார்கள்? அவரும் கேட்க மாட்டார். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குத் தர்மம் கிடைப்பதே இல்லை.

கனடாவில் டாமி டக்ளஸ் என்று ஒரு தலைவர் இருந்தார். சின்ன வயதில் அவருக்குக் காலில் எலும்புத் தொற்று. பெற்றோரிடம் பணம் இல்லை, காலை எடுத்துவிட வேண்டும் என்ற நிலை. ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணர், என் மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள அனுமதித்தால் இலவசமாகச் செய்கிறேன் என்று முன்வந்தார். கால் பிழைத்தது. அந்த டாக்டருக்கு டக்ளஸ் கடைசிவரை நன்றியோடு இருந்தார். ஆனால் ஒரு குழந்தையின் கால், ஒரு டாக்டர் அந்தப் பக்கம் வந்தாரா இல்லையா என்ற அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது என்பதுதான் அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முடிவு. 1944-ல் சஸ்காட்சுவான் மாகாணத்தின் முதல்வரானார். 1947-ல் மாகாண மக்கள் அனைவருக்கும் மருத்துவமனைச் செலவுக்கான பொதுக் காப்பீட்டைக் கொண்டுவந்தார். தர்மம் செய்தவரை மதிப்பதும், தர்மத்தை நம்பி உயிர் வாழ வேண்டாத ஒரு ஏற்பாட்டைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

கேள்வி: டாக்டர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா?

பதில்: தொடக்கத்தில் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. அதே சஸ்காட்சுவானில் 1962 ஜூலையில் டாக்டர் கட்டணத்தையும் பொதுத் திட்டத்தில் சேர்த்தபோது, பெரும்பாலான டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் சமரசம் வந்தது. டாக்டர்கள் அரசு ஊழியர்களாக ஆகவில்லை, தங்கள் கிளினிக்கைத் தாங்களே நடத்தினார்கள். பில் மட்டும் நோயாளிக்குப் பதிலாகப் பொதுத் திட்டத்துக்குப் போனது. பத்தே வருடத்தில் கனடாவின் எல்லா மாகாணங்களும் அதைப் பின்பற்றின. பிரிட்டனில் 1948-ல் தேசிய சுகாதார சேவை தொடங்குவதற்குச் சில மாதம் முன்புவரை டாக்டர் சங்கத்தினர் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தார்கள். இன்றைக்கு அங்கே அந்தச் சேவையைக் காப்பாற்றுங்கள் என்று முதலில் குரல் கொடுப்பவர்களில் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: இலவசம் என்று சொல்லிவிட்டால் தும்மலுக்கும் இருமலுக்கும் கூட்டம் மொய்க்காதா? கொஞ்சமாவது கட்டணம் இருந்தால்தானே மக்களுக்குப் பொறுப்பு வரும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: இதை உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் ஐயா. 1970-களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான பேரை எடுத்துக்கொண்டு, சில குடும்பங்களுக்கு முழு இலவசம், மற்றவர்களுக்குப் பல அளவுகளில் கட்டணம் என்று பிரித்து, சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தது. கட்டணம் உள்ளவர்கள் டாக்டரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தேவையில்லாத சிகிச்சையை எவ்வளவு குறைத்தார்களோ, தேவையான சிகிச்சையையும் கிட்டத்தட்ட அவ்வளவே குறைத்தார்கள். எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க அவர்கள் டாக்டருக்கா படித்திருக்கிறார்கள்? சராசரி மனிதரின் உடல்நிலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவுதான், அதை நான் மறைக்கவில்லை. வித்தியாசம் தெரிந்தது ஏழைகளிடம். ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளில், இலவசமாகப் பார்க்கப்பட்டவர்களுக்கு அது நன்றாகக் கட்டுப்பட்டது.

எங்கள் கவுண்டருக்கு அடுத்தது பார்மசி. டாக்டர் சீட்டில் முப்பது நாளைக்கு எழுதியிருப்பார். "இப்போதைக்குப் பத்து நாளைக்குக் குடுங்க" என்பார்கள். அதிலும் எல்லா மாத்திரையையும் வாங்க மாட்டார்கள். வலி மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள், பிரஷர் மாத்திரையை விட்டுவிடுவார்கள். பிரஷர் வலிக்காது இல்லையா? சில மாதம் கழித்து அதே ஆள் ஸ்ட்ரெச்சரில் வருவார், ஒரு பக்கம் வாய் கோணியிருக்கும், கை தூக்க வராது. மாத்திரையில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு பணத்தை அந்தக் குடும்பம் எங்கள் கவுண்டரில் கட்டும். பொறுப்பில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல என் மனம் ஒப்பாது. கையில் இருந்த பணத்துக்குத் தெரிந்த அளவில் கணக்குப் போட்டவர்கள்.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் இருந்தார். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல், தன் பொறுப்பில் இருந்த எல்லோருக்கும் தேடித் தேடி ரத்த அழுத்தம் பார்த்தார். பக்கத்தில் இருந்த, அதே மாதிரியான இன்னொரு கிராமத்தோடு ஒப்பிட்டபோது, இவருடைய ஊரில் அகால மரணம் கால் பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் விட்டால் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும் என்று 1971-ல் எழுதியவரும் அவர்தான். ஆளுக்கு ஆள் காசு வாங்கிக்கொண்டு பார்க்கிற ஒரு கிளினிக்கில் அவர் செய்த வேலையைச் செய்திருக்க முடியாது. நோயே தெரியாதவரைத் தேடிப் போய்ப் பார்த்தால் யார் ஃபீஸ் கொடுப்பார்கள்?

கேள்வி: பணக்கார நாடுகளுக்குச் சரி. ஏழை நாடு எங்கே போகும் பணத்துக்கு?

பதில்: முதலில் நாடுகள் எந்த நிலையில் இதைத் தொடங்கின என்று பாருங்கள். பிரிட்டனில் சேவை தொடங்கிய 1948 ஜூலை 5 அன்று ரொட்டிக்கே ரேஷன் இருந்தது. உலகப் போர் நாட்டின் கஜானாவைக் காலி செய்திருந்தது. ஜப்பான் 1961-ல் எல்லோரையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தபோது அது இன்றைய ஜப்பான் இல்லை. தென்கொரியா 1977-ல் பெரிய கம்பெனித் தொழிலாளர்களோடு தொடங்கி, 12 வருடத்தில், 1989-ல், நாடு முழுவதையும் சேர்த்துவிட்டது. தாய்லாந்து 1997-ல் பொருளாதாரச் சரிவில் அடிபட்டு எழுந்துகொண்டிருந்த நேரம். அப்போது சங்குவன் நித்தயாரம்பொங் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் வருடக்கணக்காகத் தீட்டி வைத்திருந்த திட்டம் அரசியல்வாதிகளின் கையில் சேர்ந்தது. 2002-க்குள் ஒருமுறை பார்க்க 30 பாட் என்ற பெயரளவுக் கட்டணத்தில் நாடு முழுக்க மருத்துவம் வந்துவிட்டது. பணம் எங்கிருந்து? பெரும்பகுதி பொது வரியிலிருந்து. இன்னின்ன நோயாளிக்கு இவ்வளவு பில் என்று பின்னால் கொடுக்காமல், ஒரு மாவட்டத்தில் இத்தனை பேர், தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கொடுத்தார்கள். அதனால் தேவையில்லாத ஸ்கேன் எழுதிப் பில்லை ஏற்றுவதால் யாருக்கும் லாபம் இல்லாமல் போனது. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பின் மிச்சமிருந்த நாட்டில் சமூகக் காப்பீடு கொண்டுவந்தார்கள். பரம ஏழைகளின் சந்தாவை அரசும் உதவி அமைப்புகளும் கட்டின.

மறுபக்கம் அமெரிக்கா. தன் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது, வேறெந்தப் பணக்கார நாடும் அந்த அளவுக்கு இல்லை. அப்படியும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு எந்தக் காப்பீடும் இல்லை. தலைக்குக் கணக்குப் பார்த்தால் அதில் சிறு பங்கையே செலவழிக்கிற கோஸ்டாரிகாவில் மக்கள் அமெரிக்கர்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். பணம் எவ்வளவு என்பது முக்கியம்தான். ஆனால் பணத்தை எப்போது, யாரிடம் வாங்குகிறோம் என்பது அதைவிட முக்கியம். மனிதர் ஆரோக்கியமாக, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, வருமானத்துக்குத் தக்கபடி எல்லோரிடமும் வாங்கு. படுத்திருக்கும்போது கேட்காதே. இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் நான் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் நல்ல தனியார் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன். என் பிரீமியத்தை நானே கட்டுகிறேன். இதில் எனக்கு என்ன கவலை?

பதில்: பாலிசிப் பத்திரத்தை இன்று ராத்திரி எடுத்து, எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று போட்டிருக்கிற பக்கத்தைப் படியுங்கள். ஏற்கெனவே இருந்த நோய், காத்திருப்புக் காலம், அறை வாடகைக்கு உச்சவரம்பு, மருத்துவமனையில் சேராமல் வெளியே வாங்குகிற மருந்து. மாதா மாதம் ஆளைக் கரைப்பது அந்தக் கடைசிச் செலவுதான்.

டிஸ்சார்ஜ் நாளை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். காலையிலேயே டாக்டர் போகலாம் என்று சொல்லிவிடுவார். நோயாளி குளித்து, சொந்த உடுப்பு மாற்றி, பையைக் கட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். இன்சூரன்ஸ் அப்ரூவல் வர வேண்டும். மத்தியானம் ஒரு கேள்வி வரும், இந்த டெஸ்ட் ஏன் எடுத்தீர்கள் என்று. பதில் அனுப்புவோம். சாயங்காலம் இன்னொன்று வரும், இந்த நோய் பாலிசிக்கு முன்பே இருந்ததா என்று. மகன் கவுண்டருக்கும் வார்டுக்கும் நடையாய் நடப்பார். இருட்டியபின் பாதித் தொகைக்கு ஒப்புதல் வரும். மீதியை அந்த நேரத்தில் எங்கே போய்ப் புரட்டுவது? நன்றாகப் படித்த, நல்ல வேலையில் இருக்கிற, பிரீமியம் ஒரு மாதம்கூடத் தவறாத குடும்பங்கள் அவை.

காப்பீடு என்ற ஏற்பாட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. ஜெர்மனி 1883-லேயே தொழிலாளர்களுக்குக் கட்டாயக் காப்பீடு கொண்டுவந்து, அந்த வழியிலேயேதான் அனைவரையும் சேர்த்தது. அங்கே பொதுக் காப்பீட்டில் சந்தா உங்கள் சம்பளத்தைப் பொறுத்தது, உங்கள் நோயைப் பொறுத்தது அல்ல. நோயாளி என்று ஆளைத் தள்ளிவைக்கவும் முடியாது. லாபத்துக்கு நடத்துகிற இன்சூரன்ஸோ ஆரோக்கியமான ஆளாகப் பார்த்துப் பொறுக்கத்தான் செய்யும். இன்றைக்கு நீங்கள் அந்த ஆரோக்கியமான ஆள். வேலை போனாலோ, வயது ஏறினாலோ உங்களுக்கே கவலை வந்துவிடும்.

கேள்வி: பிரிட்டனில் ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?

பதில்: எழுதியிருக்க வேண்டிய விஷயம்தான். 2023-ல் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 75 லட்சத்தைத் தாண்டியது. இடுப்பு மூட்டு வலியோடு ஒரு வருடம் காத்திருப்பவரிடம் போய் இது உங்கள் உரிமை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போதுமான நர்ஸும் படுக்கையும் வைக்காவிட்டால் உரிமை காகிதத்தில்தான் இருக்கும். அதற்காகப் போராட வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பட்டியலில் ஏழையும் இருக்கிறார். எண்ணி முடித்த பட்டியல் அது, அதனால்தான் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடிகிறது. காசு கட்டிப் பார்க்கிற இடத்தில், முடியாமல் திரும்பிப் போனவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 450 கோடிப் பேருக்கு அத்தியாவசிய மருத்துவ சேவைகள் முழுமையாகக் கிடைக்கவில்லை என்றது. அவர்களும் காத்திருப்பவர்கள்தானே?

கேள்வி: குடித்தும் புகைத்தும் உடம்பைக் கெடுத்துக்கொண்டவனுக்கு என் வரிப்பணத்தில் ஏன் வைத்தியம்?

பதில்: வார்டு வாசலில் நீதிமன்றம் வைத்தால் யார்தான் உள்ளே போக முடியும்? இனிப்பைக் குறைக்காதவர், ஹெல்மெட் போடாதவர், தூக்கம் கெட்டு வேலை பார்த்தவர், யாரிடம் தப்பு இல்லை? சிகரெட்டுக்கு வரி போடுங்கள், கடுமையாகவே போடுங்கள், ஆதரிக்கிறேன். படுத்தவரை விசாரிக்காதீர்கள்.

கேள்வி: குடியுரிமைப் பத்திரம் இல்லாத வெளியாட்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள்?

பதில்: ஆமாம். மனிதாபிமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். பயத்திலோ பணமில்லாமலோ ஒருவர் பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். அது அடுத்து யார் நெஞ்சுக்குள் போகும் என்று பத்திரத்தைப் பார்த்தா முடிவு செய்யும்? பெரியம்மை 1980-ல் உலகை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. யாருக்கு வந்தாலும் தேடிப் பிடித்து, சுற்றியிருந்தவர்களுக்குத் தடுப்பூசி போட்டதால்தான் அது நடந்தது.

கேள்வி: பல், கண்ணாடி, மனநலம் இதெல்லாம்கூட அடிப்படை மருத்துவத்தில் வருமா? எங்கே கோடு கிழிப்பது?

பதில்: பிரிட்டனில் அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன், பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வைப்பது என்று அரசு முடிவெடுத்தபோது, 1951-ல் பதவியையே விட்டு விலகினார். நான் அவர் பக்கம். கண் தெரியாமல் மாத்திரை அட்டையைப் படிக்க முடியாதவர் மருந்தை எப்படிச் சரியாகச் சாப்பிடுவார்? பல் இல்லாத முதியவர் எதை மென்று தெம்பு பெறுவார்? மனநோயை விட்டுவிடுவதற்கோ எந்த நியாயமும் இல்லை, வேலையையும் குடும்பத்தையும் அது குலைப்பதுபோல் வேறு நோய் குலைப்பதில்லை. கோடு ஒன்று வேண்டும்தான். அழகுக்காகச் செய்கிற சிகிச்சை, பலன் நிரூபிக்கப்படாத விலையுயர்ந்த மருந்து, இவற்றைத் தள்ளலாம். அதை நிபுணர்களும் நோயாளிகளும் சேர்ந்த ஒரு குழு வெளிப்படையாக முடிவு செய்யட்டும், ஏன் தள்ளினார்கள் என்று எழுதி வைக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று அரசு சொன்னால், குழந்தைகளிலும் முதியவர்களிலும் தொடங்கட்டும். மற்றவர்களுக்கு எந்த வருடம் என்று மட்டும் இப்போதே தேதி குறித்துச் சொல்லிவிடட்டும்.